கானாவும் மானாவும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் நானும் பொண்ணும் வீட்டுப் பக்கத்துல இருக்கற ஜூஸ் கடைக்குப் போனோம். வழி பூரா அவ "சப்போட்டா மில்க் ஷேக், சப்போட்டா மில்க் ஷேக்"னு பாடிக்கிட்டே குதிச்சுக்கிட்டே வந்தா. கடைக்காரத் தம்பி கவுண்டர் மேல சாய்ஞ்சு "பாப்பாக்கு என்ன வேணும்?"னு அவகிட்டயே கேட்டார். அவ வாயத் தொறந்தா. ஒண்ணும் வரல. கழுத்து ஒரு செகண்ட் வெறச்ச மாதிரி ஆச்சு, கண்ணு என்னைப் பாக்காம ஃப்ரிட்ஜ் பக்கம் போச்சு, அப்புறம் சட்டுன்னு தெளிவா "மேங்கோ"ன்னா.

அவளுக்கு மேங்கோ ஜூஸ் பிடிக்காது. பாதி டம்ளர் குடிச்சுட்டு என்கிட்ட நீட்டுனா, நான் வாங்கிக் குடிச்சேன், ஒண்ணும் கேக்கல. கடைல நின்ன யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது, ஒரு சின்னப் பொண்ணு மனசு மாறி மேங்கோ கேட்டுது, அவ்வளவுதான். ஆனா எனக்கு அந்த டம்ளரப் புடிச்ச கை நடுங்குச்சு. ஏன்னா அவ என்ன பண்ணான்னு எனக்கு அணு அணுவாத் தெரியும். வர்ற வார்த்தைல ஒரு சுவரு நிக்குதுன்னு அத சொல்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோகும், அந்த அரை செகண்டுல பக்கத்துல வேற எந்த வார்த்தை தொறந்து கெடக்குன்னு பாத்து அதுக்குள்ள புகுந்துடணும். இத நான் முப்பத்தஞ்சு வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்கேன். அவளுக்கு வயசு ஆறு.

எனக்குத் திக்குவாய். இத இங்க எழுதறதுதான் முதல் தடவை. கூட வேல செய்யறவங்களுக்கு, காலேஜ் ஃப்ரெண்ட்ஸ்க்கு, ஏன் ரொம்ப வருஷம் என் மனைவிக்கே இது முழுசாத் தெரியாது, கொஞ்சம் அமைதியான டைப், யோசிச்சுப் பேசறவன்னுதான் எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க.

ஊரு கருங்குளம். திருநெல்வேலில இருந்து திருச்செந்தூர் போற ரோட்டுல, செய்துங்கநல்லூர் தாண்டி வரும், தாமிரபரணிக் கரை, வகுளகிரி மலை மேல சந்தனக்கட்டை ரூபத்துல பெருமாள் இருக்கற ஊரு. என் பேரும் கானால ஆரம்பிக்கும், ஊர் பேரும் கானால ஆரம்பிக்கும். எனக்கு வராத எழுத்தும் அதே கானாதான். அப்போ ஒரு பையன்கிட்ட பெரியவங்க கேக்கற முதல் ரெண்டு கேள்வி என்ன? "பேரென்னடே? எந்த ஊரு?" ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இருந்துச்சு, வாயில இருந்து வெளிய வராது.

மூணாங் கிளாஸ்ல தமிழ் வாத்தியார் வல்லினம் மெல்லினம் இடையினம் நடத்துனப்போ எனக்கு நடந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. கசடதபற வல்லினம்னு அவர் போர்டுல எழுதுனதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆச்சு. நான் யார்கிட்டயும் சொல்லாம எனக்குள்ள வச்சிருந்த லிஸ்ட் அது. கானா, சானா, தானா, பானால ஆரம்பிச்சா மாட்டிக்கும், மானா நானா கொஞ்சம் இழுத்தா வந்துரும், வானா யானா பரவால்ல. இது எனக்கு மட்டும் இருக்கற கோளாறுன்னு நெனச்சிருந்தேன், ஆனா தொல்காப்பியர் காலத்துல இருந்தே அந்த எழுத்துக்கெல்லாம் கடினம்னுதான் பேரு இருக்குன்னு அன்னிக்குத் தெரிஞ்சுது. அதுல எனக்கு ஒரு ஆறுதல் இருந்துச்சு, எட்டு வயசுல அத எப்படி சொல்றதுன்னு தெரியல. எல்லாத் திக்குவாய்க்காரங்களுக்கும் இதே எழுத்துதான் மாட்டும்னு இல்ல, ஆளாளுக்கு மாறும், சிலருக்கு உயிரெழுத்துதான் பெரிய வினை. எனக்கு வல்லினம்.

தப்பிக்கறதுக்கு தமிழ் ரொம்ப உதவுச்சு. தண்ணி வேணும்னு கேக்க வராதா, "ரொம்ப வறண்டுபோச்சு"ன்னு சொல்லிக்கிட்டே செம்பத் தொட்டுக் காமிப்பேன். பென்சில் வராதா, "எழுதறதுக்கு ஒண்ணு வேணும்". எதுக்கும் இன்னொரு சொல்லு இருக்கும். ஆனா பேருக்கும் ஊருக்கும் இன்னொரு சொல்லு கெடையாதே. ஆஜர் எடுக்கறப்போ "உள்ளேன் ஐயா" பிரச்சனை இல்ல, உயிரெழுத்து. பாடம் வாசிக்கச் சொன்னாத்தான் கண்டம். வரிசையா ஆளுக்கு ஒரு பத்தி வாசிப்போம், நான் முன்னாடியே எண்ணி எனக்கு எந்தப் பத்தி வரும், அதுல எத்தன கானா இருக்குன்னு பாத்து வச்சிருப்பேன், முன்னாடி உக்காந்திருக்கவன் அன்னிக்கு வரலன்னா கணக்கு எல்லாம் மாறிடும், வயிறு கலங்கும். ஆனா இதே நான் எல்லாரோடயும் சேந்து வாய்ப்பாடு சொல்றப்போ ஒரு எழுத்து திக்காது. மார்கழி மாசம் கோயில்ல கூட்டத்தோட பாடுனா திக்காது. எங்க வீட்டு நாய்கிட்டப் பேசுனா திக்காது. இதப் பாத்துட்டுத்தான் எங்கப்பா "அப்போ ஒன்னால முடியுது, வேணும்னுட்டே பண்ணுத"ன்னு ஒரு தடவ அடிச்சார். சேந்து சொன்னா திக்காதுங்கறது உலகம் முழுக்க திக்குவாய் உள்ளவங்களுக்கு நடக்கறதுதான், அத வச்சு ஆராய்ச்சியே நடந்திருக்குன்னு எனக்குத் தெரியறப்போ வயசு முப்பத்தொம்போது, அப்பா இல்ல.

அப்பாவக் குத்தம் சொல்ல வரல. அவர் செய்யாத வைத்தியம் இல்ல. வசம்ப வெளக்குல சுட்டு, தேன்ல இழைச்சு நாக்குல தடவுவாங்க ஆச்சி. வசம்புக்கு எங்க பக்கம் 'பேர் சொல்லாதது'ன்னு ஒரு பேரு, வெளக்கு வச்சப்புறம் அதோட பேர வாயால சொல்ல மாட்டாங்க. பேரு சொல்ல வராத பையனுக்குப் பேர் சொல்லா மருந்து. கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு, தேன் எவ்வளவு விட்டாலும் அடியில இருந்து ஏறிட்டு வரும். வல்லாரைக்கீரை வாரத்துல மூணு நாள். நாக்குக்கு அடியில ஒட்டியிருக்கு, டாக்டர்கிட்ட போயி வெட்டி விடணும்னு ஒருத்தர் சொல்ல, அம்மா விடல. கூழாங்கல்ல வாயில போட்டுக்கிட்டு சத்தமா வாசிக்கச் சொன்னார் ஒரு வாத்தியார், அதயும் ஆத்தங்கரைல உக்காந்து செஞ்சேன்.

அப்புறம் திருச்செந்தூர். எங்க ஊர்ல இருந்து கிழக்க கொஞ்ச தூரத்துல ஸ்ரீவைகுண்டம், குமரகுருபரர் பொறந்த ஊரு. அஞ்சு வயசு வரைக்கும் பேச்சே வராம இருந்த புள்ளைய பெத்தவங்க திருச்செந்தூர் கூட்டிட்டுப் போயி சன்னதில கெடந்து வேண்ட, முருகன் அருளால பேச்சு வந்து அங்கேயே பாட்டாப் பாடினார்ங்கறது எங்க பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச கதை. பிற்பாடு காசி வரைக்கும் போயி மடம் கட்டினவர். அந்தக் கதைய சொல்லிச் சொல்லியே அம்மா என்ன கிருத்திகைக்கு கிருத்திகை பாசஞ்சர் ரயில்ல கூட்டிட்டுப் போவா. கடல்ல குளிச்சிட்டு, நாழிக்கிணத்துல குளிச்சிட்டு, ஈரத்தோட வரிசைல நிப்போம். அம்மா கண்ண மூடி வேண்டிக்கிட்டே இருக்கறப்போ நான் அவ மொகத்தப் பாத்துக்கிட்டே நிப்பேன். என் வாயால அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டம்னு புரியும். திரும்பி வர்றப்போ ரயில்ல அம்மா மெதுவா "எப்பா, இப்போ ஒம் பேரச் சொல்லு பாப்போம்"பா. நான் ஜன்னலப் பாத்துக்கிட்டே தூங்கற மாதிரி இருப்பேன்.

இதெல்லாம் முடிஞ்சுபோன கதைன்னு நெனச்சிருந்தேன்.

பொண்ணு பொறந்ததும் பேர் வைக்கறதுல நான் ஒரே புடிவாதமா இருந்தேன். மாமனார் வீட்டுல அவங்க குலசாமி பேரு கானால வர்றது ஒண்ணு சொன்னாங்க, எங்க அம்மா தானால ஒண்ணு சொன்னா. நான் மானால ஆரம்பிக்கணும்னு நின்னேன். கேட்டவங்ககிட்ட எண் கணிதம்னு சொன்னேன். எண் கணிதமும் இல்ல ஒண்ணும் இல்ல, என் புள்ள பேர நான் வாய் நெறயக் கூப்பிடணும், பார்க்ல, ஸ்கூல் வாசல்ல, எங்கேயும் நின்னு திக்காமக் கூப்பிடணும், அதுக்காக. மெல்லினம்.

மூணு வயசு எட்டு மாசம் இருக்கும், ஒருநாள் காலைல தூங்கி எந்திரிச்சு வந்து என் மடியில உக்காந்துக்கிட்டு தன் பேர வச்சுத்தான் பேச ஆரம்பிச்சா, அந்த வயசுல தன்னையே பேர் சொல்லித்தான் பேசுவா, "ம்ம்ம்ம்ம்ம்"னு இழுக்கறா, ஒதடு ஒட்டிக்கிச்சு, தொறக்கல. நான் மொதல்ல வெளையாடறான்னு நெனச்சேன். திரும்ப "ம்ம்ம்ம்". கண்ண ஒரு தடவ இறுக்கி மூடித் தொறந்தா. எனக்கு முதுகுல குளிர் ஏறுச்சு. என் பேருக்கு கானா சுவரா நின்னுச்சு, அவ பேருக்கு நானே பாத்துப் பாத்து வச்ச மானா.

ஒரு வாரத்துல அதிகமாச்சு. ஊர்ல இருந்து அம்மா வீடியோ கால்ல பேசறா, பேத்தி ஏதோ சொல்ல வந்து மாட்டிக்கிட்டு நிக்கறா, அம்மா கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கிட்டே இருந்தா, அப்புறம் மெதுவா சொன்னா, "ஏய்யா, இவ அப்படியே ஒன்ன மாதிரில்லா பேசுதா." நான் போன ஆஃப் பண்ணிட்டு பாத்ரூம்ல போயி ரொம்ப நேரம் நின்னேன். அடுத்த வாரமே கொரியர்ல வசம்பு வந்துச்சு, பழைய புடவைத் துணில சுத்தி.

அன்னிக்கு ராத்திரில இருந்து தூங்காமப் படிச்சேன். எனக்காக ஒரு நாளும் படிக்காதத அவளுக்காகப் படிச்சேன். நூறு குழந்தைங்கள்ல அஞ்சு பேருக்கு கிட்ட ஏதோ ஒரு கட்டத்துல திக்கல் வரும், பெரும்பாலும் ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள, பேச்சு வேகமா வளர்ற நேரத்துல. அதுல முக்கால்வாசிப் பேருக்குத் தானாவோ பயிற்சியிலயோ போயிடும், பெரியவங்கள்ல நூத்துல ஒருத்தருக்குத்தான் நிக்கும். அந்த ஒருத்தன் நான். பரம்பரைல வரும். 2010ல அமெரிக்காவுல டென்னிஸ் ட்ரேனாங்கறவரோட குழு, பாகிஸ்தான்ல தலைமுறை தலைமுறையா திக்குவாய் இருக்கற குடும்பங்களோட ரத்தத்த எடுத்து ஆராய்ச்சி பண்ணி அதுக்கான மரபணு மாற்றங்களக் கண்டுபுடிச்சிருக்காங்க. அதப் படிச்சப்போதான் தாத்தாவோட தம்பி ஞாபகம் வந்தார். வீட்டுத் திண்ணைல உக்காந்து வெத்தல இடிச்சுக்கிட்டே இருப்பார், யார்கிட்டயும் பேச மாட்டார், கோவக்காரர்னு எல்லாரும் பயப்படுவாங்க. இப்போ நெனச்சா அவருக்கும் இதுதான் இருந்திருக்கு. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணும் படிச்சேன், அதுதான் ரொம்ப வலிச்சுது. அயோவாவுல வெண்டல் ஜான்சன்னு ஒரு பேராசிரியர், அவருக்கும் திக்குவாய் உண்டு. பெத்தவங்க கொழந்தையோட சாதாரணத் தடுமாற்றத்தப் பெருசு பண்றதாலதான் திக்குவாய் உருவாகுதுன்னு சொன்னார். 1939ல அனாதை இல்லத்துக் குழந்தைங்க 22 பேர வச்சு அதுக்கு ஒரு சோதனை நடந்துச்சு, நல்லாப் பேசற குழந்தைங்ககிட்டயே நீ திக்கறன்னு சொல்லிச் சொல்லிப் பாத்திருக்காங்க, அந்தப் பிள்ளைங்கள்ல சிலர் பேசறதுக்கே பயந்துபோனாங்க. 2001ல இது வெளிய வந்து அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்பு கேட்டுச்சு. பெத்தவங்களாலதான் வருதுங்கற அந்தக் கருத்து இப்போ செல்லாது, ஆனா எத்தனையோ வருஷம் எத்தன அம்மாக்கள் தன்னாலதான்னு நெனச்சு அழுதிருப்பாங்க. எங்க அம்மாவும் அப்படித்தான், அவ யாரோட ஆராய்ச்சியயும் படிக்கல, மாசமா இருக்கறப்போ எதப் பாத்தோம், எதத் தின்னோம்னு தன்னையே கேட்டுக்கிட்டு இருந்தா.

பேச்சுப் பயிற்சி குடுக்கற ஒரு மேடத்துகிட்ட கூட்டிட்டுப் போனோம். நானும் மனைவியும் எதுத்தாப்ல உக்காந்திருக்கோம், பொண்ணு தரைல பிளாக்ஸ் அடுக்கிக்கிட்டு இருக்கா. மேடம் கேள்வி கேட்டுட்டே வந்தவங்க, "குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"ன்னாங்க. நான், "எனக்கு கொஞ்... எனக்கு முன்னாடி லேசா இருந்துச்சு மேடம், சின்ன வயசுல"ன்னேன். அவங்க பேனாவ வச்சுட்டு என்ன நேராப் பாத்தாங்க. ரொம்ப மென்மையாத்தான் கேட்டாங்க, "சார், இப்போ ஒரு வார்த்தைய மாத்துனீங்களா?"

முப்பது வருஷத்துக்கு மேல ஒருத்தர்கிட்டயும் மாட்டல. மனைவி என் பக்கம் திரும்பினா. பத்து வருஷம் கூட வாழ்ந்தவ அந்த நிமிஷம்தான் என்ன முதல் தடவயாப் பாக்கற மாதிரி பாத்தா. வீட்டுக்கு வர்ற வழில கார்ல ஒண்ணும் பேசல, சிக்னல்ல நிக்கறப்போ மட்டும், "அதனாலதான் ஹோட்டல்ல எப்பவும் என்ன ஆர்டர் பண்ணச் சொல்லுவீங்களா?"ன்னு கேட்டா. "ஆமா"ன்னேன். கைய எடுத்து என் கை மேல வச்சுக்கிட்டா.

மேடம் சொன்னதுல முக்கியமானது, மெதுவாப் பேசு, மூச்சு விட்டுப் பேசு, யோசிச்சுப் பேசுன்னு சொல்லவே கூடாது. வார்த்தைய முடிச்சு வைக்கக் கூடாது. அவ பேசறப்போ மொகத்தப் பாக்கணும், அவ என்ன சொல்றாங்கறதக் கேக்கணும், எப்படி சொல்றாங்கறத இல்ல. நீங்க ரெண்டு பேரும் உங்க வேகத்தக் கொறைங்கன்னாங்க. ஆஸ்திரேலியாவுல உருவான லிட்கோம்னு ஒரு முறை, ஆறு வயசுக்கு உட்பட்ட குழந்தைங்களுக்கு, அதுல தினமும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் பெத்தவங்களே கூட உக்காந்து வெளையாடிப் பேசணும், நல்லா ஓடுன பேச்ச "அது வழுக்கிட்டு வந்துச்சே"ன்னு லேசாப் பாராட்டணும், அன்னன்னிக்கு அவ பேச்சுக்கு 0ல இருந்து 9 வரைக்கும் ஒரு நம்பர் போட்டு வைக்கணும், 0ன்னா திக்கலே இல்ல, 9ன்னா ரொம்ப அதிகம். நாங்க சமையக்கட்டுல தொங்கற மாதக் காலண்டர்ல போட்டோம். ஆரம்பத்துல 7, 7, 6. ஆறு மாசத்துல 2, 1, 1ன்னு வந்துச்சு. பொண்ணுங்களுக்கு சரியாகற வாய்ப்பு பசங்களவிட அதிகம்னு மேடம் சொன்னதப் புடிச்சுக்கிட்டு நான் கனவு கண்டேன். ஒண்ணாங் கிளாஸ் சேத்தோம். திரும்ப 4, 5.

கேட்டு வச்சதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனாலும் ஒருநாள் காலைல ஸ்கூல் வேன் வர்ற நேரம், ஷூ ஒண்ணக் காணோம், அவ ஏதோ சொல்ல வர்றா, "ப்ப்ப்ப்"னு நிக்கறா, என் வாயில இருந்து வந்துச்சு, "மெதுவாச் சொல்லு, என்ன அவசரம்?" அந்தக் குரல் என்னோடது இல்ல. எங்கப்பாவோட குரல், அதே ஏத்தம், கடைசில அதே சலிப்பு. அவ பேசறத நிறுத்திட்டு கீழ பாத்தா. அந்தப் பார்வை யாரோடதுன்னும் எனக்குத் தெரியும். அப்பா எதுக்கு அப்படி சொன்னார்ங்கறது அந்த வினாடிதான் எனக்குப் புரிஞ்சுது. அது கோவம் இல்ல. தன் புள்ள கண்ணு முன்னாடி மூச்சு முட்டி நிக்கறதப் பாக்க முடியாம, எப்படியாச்சும் அது முடிஞ்சாப் போதும்னு ஒரு மனுஷன் கத்தறது. அவர் உயிரோட இருக்கறப்போ இது புரிஞ்சிருந்தா ஏதாவது பேசியிருப்பேன். என்ன பேசியிருப்பேன்னு தெரியல.

ஸ்கூல்லயும் அதே கதை திரும்ப நடந்துச்சு. அவளோட ஃப்ரெண்ட் ஒருத்தியோட அம்மா, இவகூட ரொம்ப சேராத, ஒனக்கும் ஒட்டிக்கும்னு சொல்லியிருக்காங்க. எங்க ஊர்ல என்கூட ஆத்துக்கு வர்ற பையனோட வீட்டுலயும் அட்சரம் பிசகாம இதே வார்த்தையத்தான் சொன்னாங்க, 1992ல. அது ஒட்டாது. பாத்துப் பழகி வர்றது இல்ல அது. பயந்ததால வர்றதும் இல்ல, அறிவு கம்மியா இருக்கறதால வர்றதும் இல்ல. இத நான் அந்த அம்மாகிட்ட நேராப் போயி சொன்னேன். சொல்றப்போ எனக்கு ரெண்டு எடத்துல மாட்டுச்சு, மாட்டட்டும்னு விட்டேன். அவங்க மொகம் மாறிப்போச்சு, சாரின்னாங்க. நல்லவங்கதான்.

இவ்வளவும் தாண்டி வந்தப்புறம்தான் அந்த மேங்கோ ஜூஸ். திக்கறது என்ன பெருசா ஒண்ணும் பண்ணல, ஒளிச்சு வச்சதுதான் என் வாழ்க்கையத் தின்னுச்சு. ஃபோன்ல பேச வேண்டியிருக்கும்னு பயந்து ஒரு நல்ல வேலைய விட்டேன். தங்கச்சி கல்யாணத்துல மைக்குல நாலு வார்த்த பேசச் சொன்னப்போ சாம்பார் தீந்துபோச்சுன்னு பந்திக்குப் போயிட்டேன். எனக்குப் பிடிச்சத கேக்கறதவிட எனக்கு சொல்ல வர்றதக் கேட்டு வாங்கியே பாதி வயசு போச்சு. பிளஸ் ஒன் படிக்கறப்போ சனிக்கிழம பாளையங்கோட்டைக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் போவேன், திரும்பி வர்ற பஸ்ல கண்டக்டர்கிட்ட கருங்குளம்னு சொல்ல வராம ஆழ்வார்திருநகரின்னு டிக்கெட் எடுப்பேன். நம்ம ஊரத் தாண்டிப் போற ஊரு அது, காசு கூட. ஆனா ஆவன்னா, வழுக்கிட்டு வரும். கருங்குளத்துல எறங்கறப்போ கண்டக்டர் "ஏல, ஆழ்வாருக்குல்லா எடுத்த?"ம்பார், நான் காதுல விழாத மாதிரி நடந்துருவேன். அந்தப் பையன் ஜூஸ் கடைல என் பக்கத்துல நிக்கறான், வயசு ஆறு, ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு.

எங்க மக அவ அப்பாவுக்குத் திக்குவாய்னு தெரியாமயே வளந்திருக்கா. அவகிட்டக்கூட நான் அவ்வளவு நல்லா மறச்சிருக்கேன். உலகத்துலயே தனக்கு மட்டும்தான் இப்படின்னு அவ நெனச்சுக்கிட்டு இருந்தா, நான் நெனச்ச மாதிரியே, அதுவும் நான் பக்கத்துலயே படுத்துக்கிட்டு இருக்கறப்போ.

அன்னிக்கு ராத்திரி லைட் ஆஃப் பண்ணப்புறம் சொன்னேன். "பாப்பா, சப்போட்டா சொல்ல வரலல்ல?" பதில் இல்ல. "அப்பாவுக்கும் அப்படி வரும். அப்பாவுக்கு கானா." கொஞ்ச நேரம் கழிச்சு இருட்டுல கேட்டா, "பொய்யா?" நான் என் பேரச் சொன்னேன். எந்தத் தந்திரமும் பண்ணாம, முன்னாடி ஒரு 'வந்து', 'அதான்' எதுவும் போடாம, நேரா. க், க், க்னு நின்னு நின்னு, தாடை நடுங்கி, ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சு. அவ எந்திரிச்சு உக்காந்து என் வாயத் தொட்டுப் பாத்தா. "வலிக்குமாப்பா?"ன்னா. "இல்லடா, ஒனக்கு?" "தொண்டைல மூடி போட்ட மாதிரி இருக்கும்"னா. நாப்பத்தோரு வயசு வரைக்கும் நான் தேடிக்கிட்டு இருந்த வார்த்தை அது. மூடி போட்ட மாதிரி. அதேதான்.

அதுல இருந்து வீட்டுல நான் மறைக்கறது இல்ல. வேணும்னே திக்கிப் பேசறதுன்னு ஒரு பயிற்சியே இருக்கு, பயம் விட்டுப்போகறதுக்கு, மேடம் எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க. திக்குவாய் உள்ளவங்களே சேந்து நடத்தற ஒரு ஆன்லைன் கூட்டத்துலயும் இப்போ உக்காரறேன், ஆளாளுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் தன் பேர தானே சொல்லணும், யாரும் எடுத்துக் குடுக்க மாட்டாங்க. மொத தடவ என் பேரு வர்ற வரைக்கும் ஸ்கிரீன்ல பன்னெண்டு மொகமும் அசையாமக் காத்துக்கிட்டு இருந்துச்சு.

பொண்ணு என்ன பண்ணான்னா, சமையக்கட்டுக் காலண்டர்ல தனக்கு நாங்க நம்பர் போடறத எப்பவோ கண்டுபுடிச்சிருக்கா. அதுக்குப் பக்கத்துலயே பச்சை க்ரேயான்ல அப்பாவுக்கு நம்பர் போட ஆரம்பிச்சுட்டா. மேடம்கிட்ட கேட்டேன், தாராளமாப் போடட்டும்னாங்க. சாயந்தரம் நான் வேலைல இருந்து வந்ததும் அவ அம்மாகிட்ட நான் யார்கிட்டல்லாம் ஃபோன் பேசுனேன்னு கேட்டுட்டு, யோசிச்சு, 4னு போடுவா. ஒருநாள் 0 போட்டா. நான் பெருமையா நின்னேன். "நீங்க இன்னிக்கு எதுவுமே பேசலப்பா"ன்னா.

போன வாரம் லீவுக்கு ஊருக்குப் போனோம். மனைவிக்கு ஆஃபீஸ், நாங்க ரெண்டு பேர் மட்டும். நெல்லைல எறங்கி திருச்செந்தூர் பஸ்ல ஏறினோம், அவளுக்கு ஜன்னல் சீட்டு. பாளையங்கோட்டை தாண்டினதும் கண்டக்டர் மெஷினோட வந்தார். "எங்க சார்?"

"ஒரு ஃபுல்லு, ஒரு ஆஃபு"ன்னேன். அது வந்துருச்சு. அப்புறம் ஆழ்வார்திருநகரி வாய் வரைக்கும் வந்து நின்னுச்சு, பழைய பழக்கம். பக்கத்துல அவ ஜன்னல விட்டுட்டு என் மொகத்தப் பாக்கறா. நான் கானாவுலயே நின்னேன். க், க்னு அடைச்சுக்கிட்டு நிக்குது, பின்னாடி சீட்டுல பேச்சு நின்னுபோச்சு, கண்டக்டர் குனிஞ்சு என்னையே பாக்கறார், செய்துங்கநல்லூரான்னு எடுத்துக் குடுக்கப் பாத்தார், நான் இல்லன்னு தலைய ஆட்டிக்கிட்டே நிக்கறேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"கருங்குளம்."

அவர் ஒண்ணும் சொல்லல. டிக்கெட்டக் கிழிச்சு அவ கையில குடுத்துட்டு அடுத்த சீட்டுக்குப் போயிட்டார். அவ டிக்கெட்ட ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, என் காதுகிட்ட வந்து "எட்டு"ன்னு சொல்லிட்டு, திரும்பி ஜன்னல்ல மொகத்த வச்சுக்கிட்டா.